மீன் பொருத்தமும் கற்றாழை அமிர்தமும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை அது. வெள்ளிக்கிழமை என்றால் அங்கே ஓட்டோகூட நுழைய முடியாது. லொட்ஜ் ஒன்றின் கீழ்மாடியில் மச்சானந்தா குருஜி எழுந்தருளியிருந்தார். கனடா விசாவா, பிள்ளையின் ஏ.எல். சோதனையா, கலியாணமா, எல்லாவற்றுக்கும் மீன்தொட்டிதான் பதில் சொல்லும். சாதகம் பொய் சொன்னாலும் மீன் பொய் சொல்லாதாம். பாவம், அது மறுத்துப் பேசவும் மாட்டாது. முன்பு இதே காலி வீதியில் அழகுமுத்து என்ற பெயரில் இவர் போன் கவர் விற்றது பலருக்குத் தெரியும். பக்தி வந்ததும் அதை மறந்துவிட்டார்கள்.

கலியாணத்துக்கு 'மீன் பொருத்தம்'. பெண்ணின் பெயரில் ஒன்று, மாப்பிள்ளையின் பெயரில் ஒன்று என இரண்டு தங்கமீன்களை வீட்டுத் தொட்டியில் விட வேண்டும். இரண்டும் நீந்தினால் தாலி. ஒன்று மிதந்தாலும் மாப்பிள்ளையை மறந்துவிட வேண்டும்.

சுதர்சினி மாட்டிக்கொண்டது இதில்தான். பேசி வந்த மாப்பிள்ளை, கொட்டாஞ்சேனை றமேஷை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் அம்மா பாக்கியலெட்சுமி மீன்களை வாங்கி வந்தார், பைப்பைத் திறந்து தொட்டியை நிரப்பினார், உடனேயே மீன்களையும் விட்டார். மறுநாள் இரண்டும் மிதந்தன. சம்பந்தத்தை நிறுத்த அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார். சுதர்சினிக்கு உயிரே போய்விட்டது.

நல்லவேளை, குருஜியிடம் பரிகாரம் இருந்தது. அது அவர் போத்தலில் விற்கும் கற்றாழை அமிர்தம்.

"நாவூறு அம்மா, ஊர்க்கண் பட்டிட்டுது. வாசல்ல தலைகீழாத் தொங்கிற கத்தாழை மண்ணில்லாமல் எப்பிடிச் சீவிக்குது? நாவூறைக் குடிச்சுத்தான். மீனும் வழுக்கும், கத்தாழையும் வழுக்கும். ரெண்டும் ஒரே இனம்."

அப்படிப் பார்த்தால் வெண்டிக்காயும் சொந்தக்காரன்தான். ஒருவரும் கேட்கவில்லை.

முறை இதுதான்: வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு கரண்டி அமிர்தம் விட்டு, பல்கனியில் கிழக்குப் பார்த்து ஒரு முழு நாள் திறந்து வைக்க வேண்டும். பிறகுதான் தொட்டிக்கு. பாக்கியலெட்சுமி அப்படியே செய்தார். புதுச் சோடி துள்ளி நீந்தியது. ஆனால் தாலி ஏறும்வரை ஒவ்வொரு தண்ணீர் மாற்றலுக்கும் அமிர்தம் வேண்டுமாம். ஒருமுறை தவறினாலும் சம்பந்தம் முறிந்துவிடும்.

அம்மா கதிர்காமம் போன வாரம் அந்தப் பொறுப்பு சுதர்சினியிடம் வந்தது. வாளியைப் பல்கனியில் வைத்தாள். வேலை அவசரத்தில் அமிர்தத்தை மறந்தே போனாள். மறுநாள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பதறிக்கொண்டு பார்த்தால், 'றமேஷ்' மீன் 'சுதர்சினி' மீனின் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

அதன்பின் வேண்டுமென்றே மறந்தாள். மீன்கள் கொழுத்தன. அப்போதுதான் அவளுக்கு விசயம் விளங்கியது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் கலக்கும் குளோரின்தான் முதல் சோடியைக் கொன்றது. திறந்து வைத்தால் அது தானே பறந்துவிடுகிறது. வேலை செய்தது வாளி, பெயர் வாங்கியது போத்தல். வளர்ப்புமீன் கடைகளில் கற்றாழைப் படம் போட்டு விற்கும் போத்தல்களிலும் மீனைக் காப்பாற்றுவது குளோரினை முறிக்கும் மருந்துதான். கற்றாழை அங்கே என்ன செய்கிறது என்று கற்றாழைக்கே தெரியாது.

அம்மாவிடம் சொன்னாள்.

"குருஜியை விட நீ பெரிய ஆளோ?" என்றார் அம்மா.

"சரி, வாங்கோ. அவரிட்டயே கேப்பம்."

வெள்ளிக்கிழமை, நிறைந்த சபை. குருஜியின் பக்கத்துத் தொட்டியில் அவருடைய செல்ல அரோவானா மீன் மின்னியது. சுதர்சினி லொட்ஜ் பைப்பிலேயே ஒரு பெரிய வாளி தண்ணீர் பிடித்து வந்து முன்னால் வைத்தாள்.

"குருஜி, உங்கட அமிர்தத்தை உங்கட கையாலயே விடுங்கோ. எவ்வளவு வேணுமெண்டாலும் விடுங்கோ. பிறகு உங்கட மீனை இதுக்குள்ள விடுவம்."

"தண்ணி ஒரு நாள் இருக்கோணும், பிள்ளை."

"நாவூறைக் குடிக்கிற அமிர்தத்துக்கு ஏன் ஒரு நாள் லீவு?"

சபையில் யாரோ சிரித்தார்கள். சுதர்சினி வலையை எடுத்து அரோவானாவின் பக்கம் போனாள். குருஜி பாய்ந்து வந்து தொட்டியை மறித்தார்.

"விடாதை, செத்துப்போகும். பைப்புத் தண்ணியில குளோரின் இருக்கு."

முதலில் எழும்பியவர் பாக்கியலெட்சுமிதான்.

"அப்ப அது நாவூறு இல்லையோ?"

குருஜி சுதர்சினியின் கையிலிருந்த வலையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"தெரிஞ்சுகொண்டுதான் எனக்குச் சொல்லேல்லையோ? என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் குளோரினை நாவூறெண்டு சொல்லி நிப்பாட்டப் பாத்தனீர், என்ன அழகுமுத்து?"

பழைய பெயர் கேட்டதும் கூட்டத்துக்கும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. போத்தல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மேசையில் குவிந்தன. பாக்கியலெட்சுமி அங்கே நின்றபடியே கொட்டாஞ்சேனைக்குப் போன் போட்டு, "றமேஷ் தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாங்கோ" என்றார். சுதர்சினிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வரும்போது கோட் போட்ட பெரியவர் ஒருவர் அவளை மறித்து, இரகசியமாகக் கேட்டார்.

"பிள்ளை, வாளியை எந்தத் திசையில வைச்சனீர்? என்ன நிற வாளி?"

"எந்தத் திசையில வைச்சாலும் குளோரின் போகும், அங்கிள். எங்கட தலைதான் வேலை செய்யோணும்."