சர்வேயர் வாங்கிய வேகம்

சர்வேயர் முடிவெடுத்துவிட்டார். ஊரிலேயே வேகமான இன்டர்நெட் லைன் இனி அவர் வீட்டில்தான் ஓடும்.

காரணம், மனைவியின் தம்பி. சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் அவனோடு செஸ். இவர் குதிரையைத் தூக்குவார். அது இறங்குவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். தோற்பார். மைத்துனன் போன் போட்டுச் சிரிப்பான். எத்தனை நாள்தான் பொறுப்பது?

மனைவி மருந்துக் கிடங்கில் சூப்பர்வைசர்.

“லைன் நல்லாத்தாங்க இருக்கு. லாரி வேகமா வந்து என்ன பிரயோஜனம்? கிடங்குல இடமில்ல. இறக்கறதுக்கும் ஒரே ஒரு நோஞ்சான்.”

“யாருடி நோஞ்சான்?”

“உங்களைச் சொல்லல. கம்ப்யூட்டர் மெமரியச் சொன்னேன்.”

கிடங்கு என்றது ஹார்டு டிஸ்கை. தான் தோற்ற ஆட்டத்தையெல்லாம் வீடியோ பிடித்து அதில் அடைத்திருந்தார், பார்த்துத் திருந்தலாமென்று. பார்க்கவுமில்லை, திருந்தவுமில்லை.

“புது லைன்லயும் சரியாகலைன்னா?”

“பாத்திரம் இனி நான் தேய்க்கிறேன். சரியாச்சுன்னா நீ.”

“இப்பவும் நான்தானே தேய்க்கிறேன்?”

“அப்ப வாயத் திறக்காம தேய்க்கணும்.”

புது லைன் வந்தது. குதிரை அந்தரத்திலேயே நின்றது.

“லைன் புதுசு. பழகணும்” என்றார்.

“பழகறதுக்கு அதென்ன மருமகளா?”

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

“லைன்ல குறையில்ல சார். மெமரி பத்தாது. டிஸ்குல ஊசி குத்த இடமில்ல.”

“மெதுவாப் பேசுப்பா” என்றார் சர்வேயர். வீட்டில் வேறு யாருமில்லை.

மெமரி கூடியது. பெரிய டிஸ்க் ஏறியது. தோல்விகள் அதற்குக் குடிபெயர்ந்தன. அழிக்க மனசு வரவில்லை மனுஷனுக்கு.

சாயங்காலம் குதிரை பாய்ந்தது. மைத்துனன் தோற்றான். போன் வரவில்லை. மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“பார்த்தியா? லைன் பழகிடுச்சு. பறக்குது.”

“லைனாலயா?”

“பின்னே? பெட்டிய நான் தொடவேயில்லை.”

“நெசமா?”

“சத்தியமா.”

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

“காலையில போற வழியில லைன்காரங்க ஆபீசுக்குப் போனேங்க. இந்த வேகம் எங்க பெட்டிக்குத் தாங்கலைன்னு சொன்னேன். நான் அங்க நிக்கும்போதே பழைய வேகத்துக்கு மாத்திட்டாங்க.”

சர்வேயர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“சோப்பு எங்க இருக்கு?”