ஆபிரிக்கப் புலுனியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய ஆசிரியருக்கு

லா சப்பல், பாரிஸ்
12.11.1986

'பனங்கீற்று' மாத இதழின் மாட்சிமை தங்கிய ஆசிரியர் அவர்களுக்கு,

நானும் இல்லாள் லூசியாவும் மாதாவின் கிருபையால் சுகம். தாங்களும் தங்கள் அச்சுயந்திரமும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். ஆனால் சென்ற இதழின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த நாள் தொட்டு எனக்கு இரத்தம் கொதித்தபடியே இருக்கிறது.

செனகல் தேசத்துப் பற்றைக்காட்டில் நான் உயிரைப் பணயம் வைத்து எடுத்த பறவைப் படத்தைப் போட்டுவிட்டு, அதன் கீழே "யாழ்ப்பாணத்துப் புலுனிகள்" என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது? நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன் முதலாளி ழான்-லூக் ஒரு பறவைப் பைத்தியம், சமையலுக்கென்றுதான் என்னைக் கூட்டிப்போனார், போன இடத்தில் என் கண்ணின் கூர்மையைக் கண்டு கமராவையே என் கையில் தந்துவிட்டார், நானும் வலப்பக்கம் சிங்கம் இடப்பக்கம் முதலை என்று முழங்காலில் ஊர்ந்து, அரைநாள் மூச்சை அடக்கி, ஏழெட்டுப் பறவைகள் ஒரே கொப்பில் தோளோடு தோள் ஒட்டியிருந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கிற அந்தக் கணத்தில் கமராப் பொத்தானை அமத்தினேன். இப்போது தெருவில் தலைகாட்ட ஏலாது. பலசரக்குக்கடை வாமதேவன் சனத்துக்கு முன்னால் கேட்கிறான்: "அண்ணை, உது எங்கட வேலியில கத்துற புலுனியெல்லோ? ஆபிரிக்கா எண்டு ஆருக்குக் கதை விடுறியள்?"

"டேய், உன்ரை புலுனி கீச்சுக்கீச்செண்டு கத்தும். இது பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாட்டுப் புலுனி. வுய் வுய் எண்டு பிரெஞ்சிலைதான் கத்தும்!" என்றேன்.

"படத்தில அது கேக்கேல்லை அண்ணை" என்கிறான். சிரிக்காத ஆளில்லை, லூசியா உட்பட.

ஐயா, அடுத்த இதழில் "ஆபிரிக்கப் பறவைகள். படம்: செபஸ்தியாம்பிள்ளை" என்று கொட்டை எழுத்தில் திருத்தம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனிலும் பொண்டியிலும் உள்ள என் சொந்தக்காரர் ஒருவரும் உங்கள் இதழைக் கையால் தொடார். சிங்கத்துக்கே பணியாதவன் ஒரு ஆசிரியருக்குப் பணிவேனோ?

தங்கள் பேனை வற்றாதிருக்கவும் கண் தெளியவும் அந்தோனியாரை இரந்து நிற்கும்,
வே. செபஸ்தியாம்பிள்ளை

பி.கு.: ஆதாரத்துக்கு வெட்டாத முழுப்படத்தையும் இணைத்துள்ளேன். நீங்கள் வெட்டிவிட்ட இடது மூலையில், செனகல் இலக்கத்தகடு போட்ட ஜீப்பின் நிழலில், வாயைத் திறந்தபடி நித்திரை கொள்பவன் நானேதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் கடிதத்தை ஒட்டப்போகையில் லூசியா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தப் படத்தை எடுத்தது ஆர்?" என்று கேட்கிறாள். நான் நித்திரையிலும் படம் எடுப்பவன் என்றால் இந்தச் சனம் நம்பாது. ஆகையால் அந்த மூலை வெட்டினபடியே இருக்கட்டும். புலுனிகளும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கட்டும்.