கமராவில் விழுந்த மற்ற மிருகம்

நான் நாலு காலில் நின்று, வாயில் ஒரு விராலைக் கவ்விக்கொண்டிருக்கும் படம் ஒன்று கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரை வியாதியுள்ள, வாசிகசாலைத் தலைவராக இருமுறை இருந்த ஒரு மனுஷனை அந்தக் கோலத்துக்குக் கொண்டுவரக்கூடியவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் பூனை ரீச்சர்.

விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரோடு கூட ஓய்வு பெற்றவர்கள் கோயில்களுக்குப் போனார்கள், கனடாவுக்குப் போனார்கள். ரீச்சர் காட்டுப் பூனைகளுக்குப் பின்னால் போனார். பூனையைப் பார்த்தேன் என்று யாரும் அவரிடம் சொல்லித் தப்ப முடியாது. எந்தப் பற்றைக்குள்ளால் வந்தது, எந்த வாய்க்காலைக் கடந்தது, ஏன் மற்றப் பக்கத்தால் போகவில்லை என்று சந்தேகநபரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

நாளடைவில் பூனைகளின் பழக்கம் அவருக்கே தொற்றிவிட்டது. திறந்த வெட்டையில் நடப்பதை விட்டுவிட்டார். ஒரு வீடு குடிபூரலுக்கு, பட்டுச் சேலையோடு, பின்வேலியில் நாய் போகிற பொட்டுக்குள்ளால் புகுந்து நேரே குசினிக்குள் வந்து நின்றார்.

"என்ன ரீச்சர், படலை திறந்துதானே கிடக்கு?"

"திறந்து கிடக்கிற இடத்தால ஆர் வருவினம்?"

அவர் வீட்டு பிறிட்ஜில் இருந்த ஐஸ்கிறீம் டப்பாவை ஒருமுறை ஆசையோடு திறந்தேன். உள்ளே பூனை எச்சம். "மூடும், மூடும், மணம் போயிடும்!" என்று பதறினார். போனால் நல்லதென்று நான் நினைத்தேன். அது போகவில்லை. என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

என் எழுத்துத்தான் அவரிடம் என்னை மாட்டிவிட்டது. பூனைச் சாதி முழுக்கத் தண்ணீருக்குப் பயந்தது என்று, நன்கு யோசிக்காமல், ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். பத்திரிகை வந்த அன்றே அவர் என் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார்.

"தம்பி, நீர் குளத்துப் பக்கம் போனதே இல்லையோ?"

"குளிக்கப் போறனான், ரீச்சர்."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு குளிக்கிறீர். கொடுப்புலி எண்டு ஒரு பூனை கிடக்கு. தண்ணிக்குள்ள பாய்ஞ்சு மீன் பிடிக்கும். வாரும் காட்டுறன்."

அந்த நேரம் ஜெயபுரத்துக்கு அங்காலே ஒரு குளத்தில் சிக்கல் முற்றியிருந்தது. மீன்பிடிக்காரரின் வலைகளை ஏதோ கிழித்துக்கொண்டிருந்தது. புள்ளி போட்ட மிருகம் ஒன்று கரையில் நாணல்போல நிற்கும் சம்புப் பற்றைக்குள் நுழைந்ததை ஒருவர் கண்டார். இரண்டாம் வாயில் அது சிறுத்தையானது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் பற்றையைக் கொளுத்துவதென்று அவர்களின் சங்கம் தீர்மானித்தது.

"பிள்ளையள் போற வழி, ரீச்சர். சிறுத்தை எண்டா விட ஏலாது" என்றார் சங்கத் தலைவர்.

"அது சிறுத்தை இல்லை, கொடுப்புலி. நாயளவுதான் வரும். காட்டிலயிருந்து குளத்துக்கு ஒளிச்சு வர அதுக்கு அந்தப் பற்றை மட்டும்தான் கிடக்கு. கொளுத்தினா அதின்ர கதை முடிஞ்சுது."

"படத்தைக் காட்டுங்கோ, விடுறம்."

சூடு பட்டால் தானாகவே படம் பிடிக்கும் கமரா ஒன்று ரீச்சரிடம் இருந்தது. அதுவரை அதில் விழுந்ததெல்லாம் தலைவரின் எருமை. சனிக்கிழமை பின்னேரம் கமராவைப் பற்றையோரத்து மருத மரத்தில், முழங்கால் உயரத்தில், மாற்றிக் கட்டினார். பூனை உயரத்தில் போகும் உருவத்தை அது பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு யாராவது தவழ வேண்டும். ரீச்சருக்கு முழங்கால் வருத்தம். இரையாக வைக்க வேண்டிய விராலையும் நானே கொண்டுபோக வேண்டும்.

"கையில கொண்டு போறன், ரீச்சர்."

"அப்ப மூண்டு காலில நடப்பீர். பூனை அப்பிடி நடக்குமோ?"

கவ்வினேன். தவழ்ந்தேன். "இடுப்பைப் பதியும்! பூனை இடுப்பை அப்பிடித் தூக்காது!" என்று அவர் மரத்துக்குப் பின்னால் நின்று கத்தினார்.

ஞாயிறு காலை படங்களைக் கணினியில் போட்டோம். முதற் படத்தில் நான். இரண்டாவதில் நான், இன்னும் கேவலமாக. மூன்றாவதில் எனக்குப் பின்னால், பற்றை விளிம்பில், புள்ளி போட்ட கொடுப்புலி ஒன்று கடை வரிசையில் நிற்பதுபோலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. மிச்சமெல்லாம் எருமைக் கால்.

ரீச்சர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் முதலில் பேசினேன்.

"என்னை வெட்டிப்போட்டுப் பூனையை மட்டும் காட்டுங்கோ."

"வெட்டினா புள்ளியைப் பாத்துச் சிறுத்தை எண்டுதான் சொல்லுவினம். அளவு காட்ட ஒரு ஆள் வேணும்."

"முகத்தையாவது மறையுங்கோவன்."

"ஆரெண்டு தெரியாட்டி அளவு எப்பிடித் தெரியும்? உம்மட அளவு ஊருக்கே தெரியும்."

கூட்டத்தில் வெள்ளைச் சுவர் முழுக்க நான் நின்றேன். தலைவர் எழுந்து சுவருக்குக் கிட்டப் போய், பூனையைச் சாணால் அளந்தார். பிறகு என் பின்பக்கத்தை அளந்தார். திரும்பவும் பூனையை அளந்தார்.

"ரீச்சர், இது அண்ணையின்ர பின்பக்கத்தின்ர அளவுக்கே காணாது. இதுக்கோ பயந்தனாங்கள்?"

சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது. பற்றை தப்பியது. வலைகளை, தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் மாற்றிப் போடச் சம்மதித்தார்கள். வெளியே வரும்போது தலைவர் என் தோளில் கைபோட்டு, "கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ அண்ணை, விராலைத் திண்டனீங்களோ?" என்றார்.

போன மாதம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன், பின்வேலிக்குள்ளால்தான். ஹோலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவியிருந்தார்.

"இனி அளவு காட்டத் தேவையில்லையே, ரீச்சர். என்னை ஏன் விட்டு வைச்சிருக்கிறியள்?"

"பூனைக்காகத்தான் கொழுவினது. உம்மை வெட்டினா அதின்ர வாலும் போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வால் நான் நின்ற பக்கத்தில் இல்லை; மற்றப் பக்கத்தில் இருந்தது.