மன்ற வாசலில் கைலி

மலர்க்கொடி கடைசியாகச் செய்த வேலை, புருஷன் கொளஞ்சியப்பனின் கைலியை உதறிக் கொடியில் போட்டது. அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

அவள் உறுப்பினராக இருந்த வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. கொளஞ்சியப்பன் நின்று ஜெயித்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்த குடிநீர்த் தொட்டியை வாங்கித் தருவதாகத் தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். இன்று மன்றத்தில் தொட்டி விவாதம். பேச ஆளில்லையென்றால் பக்கத்து வார்டு தட்டிக்கொண்டு போய்விடும்.

பேரூராட்சி அலுவலக வாசலில் உதவியாளர் தங்கராசு கையைக் குறுக்கே நீட்டினான்.

"அண்ணே, கைலியோட உள்ள போவக் கூடாது. மன்றத் தீர்மானம்."

"தெரியுண்டா. அதாலதான் இவ்ளோ நாளா எதிர் டீக்கடையில குந்தினிருந்தேன். இப்ப நானே மெம்பரு."

"மெம்பருக்கும் அதேதாண்ணே."

முன்பெல்லாம் மலர்க்கொடியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்து இவர்தான் பேசுவார். தீர்மானம் வந்த அன்றைக்கே, கைலி கட்டும் சனத்தையே அவமதித்துவிட்டார்கள் என்று ரோஷமாக வெளியேறியவர்.

"பரங்கிப்பேட்டையில பாதி ஊரு கைலிதான். அவுங்கள்லாம் மனுசங்க இல்லியா?"

தங்கராசு நீட்டிய கையை எடுக்கவில்லை.

மலர்க்கொடியின் தம்பி இளவரசு வீட்டிலிருந்து தன் பேண்ட்டைக் கொண்டுவந்தான். "மாமா, மூச்ச உள்ள இழுங்க." பட்டன் ஏறியது. நாலடி நடந்ததும் பின்பக்கம் பிரிந்தது.

டீக்கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு வேட்டி கொடுத்தார். கரை எதிர்க்கட்சிக் கரை. வாசலில் நின்ற எதிர்க்கட்சிக்காரர்கள் ஓடிவந்து துண்டு போர்த்தினார்கள். சொந்தக் கட்சிக்காரர் அதைப் படமெடுத்தார்.

"மொத கூட்டத்துலயே தாவிட்டீங்களா மாமா?" என்றான் இளவரசு.

கொளஞ்சியப்பன் வேட்டியைக் கழற்றி வீசிவிட்டு மறுபடி கைலியைக் கட்டினார். உள்ளே தலைவரின் குரல் கேட்டது: "அடுத்து, தொட்டி."

"உடுப்பப் பாத்தாடா தண்ணி குடுப்பாங்க? எந்தத் தறுதல இந்தச் சட்டத்தக் கொண்டாந்தது? பேரச் சொல்லுடா."

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான்.

"மலர்க்கொடி அக்காதாண்ணே. கைலிய வுட மாட்டீங்க, வெளியவே நின்னுடுவீங்க, அப்பதான் அவுங்க வாயத் தொறந்து பேச முடியும்னு கொண்டாந்தாங்க. அந்தத் தீர்மானம் இன்னும் அப்படியேதான் இருக்குது."