மொட்டை மாடிக் குழாய்க்கு மூடி போட்டது நான்தான்

மதிப்பும் கண்டிப்பும் நிறைந்த குழாய்ப்பணி ஆய்வாளர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

மாடிக் குளியலறை வீட்டுக்காரன், அதாவது செவ்வாய்க்கிழமை காலை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தாங்கள் இரண்டு முறை சொன்ன அந்தப் பெரியவர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், மனைவி, மகள் மூவரும் நலம். குளியலறை மட்டும் நலமில்லை என்பதைத் தாங்களே நேரில் கண்டு, கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனீர்கள். தாங்களும் தங்கள் குடும்பமும், தங்கள் வீட்டுக் குழாய்கள் யாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் மூன்று வருடமாகப் பயிற்சி பிளம்பர் என்பது தங்களுக்குத் தெரியும். முதல் அளவு எடுப்பதிலிருந்து கடைசிக் குழாயைத் திறந்து காட்டுவது வரை அவள் தனியாகச் செய்த முதல் வேலை இந்தக் குளியலறை. தேறினால் உரிமம். நாளை வெள்ளிக்கிழமை மறு ஆய்விலும் தவறினால் இன்னும் ஒரு வருடம் பயிற்சி. அந்த ஒரு வருடத்தை அவள் தலையில் கட்டப்போவது அவள் கைக்குற்றம் அல்ல, பெற்ற தகப்பனின் கைக்குற்றம் என்று தெரிவிக்கவே இக்கடிதம். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்பதால் நானே தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். முழுவதும் படிக்க வேண்டும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பால் பண்ணையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேன் மூடும் பிரிவு. பால் வரும், நிறையும், நான் மூடுவேன். அதனால் திறந்த வாய் எதைக் கண்டாலும் என் கை தன்பாட்டில் மூடியைத் தேடும். சர்க்கரை டப்பா, பேனா, பற்பசை, விருந்தாளி பாதி குடித்து வைத்த தண்ணீர் பாட்டில், எதையும் விட்டதில்லை. இந்த வீட்டில் இவரால் மூட முடியாதது என் வாய் ஒன்றுதான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் மகள் ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் வைத்தாள். குழாய்ப்பணி விதிகள். பார்த்துக் கேள்வி கேளுங்கப்பா, நான் பார்க்காமல் பதில் சொல்கிறேன் என்றாள். பொழுது போகட்டும் என்று ஆரம்பித்தேன், மாட்டிக்கொண்டேன். ஐயா, வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்து கிடக்கும் குழாயை, நேராகப் போக இடமில்லாமல் வளைத்திருக்கிறார்கள் என்றுதான் அறுபத்து நாலு வருடம் நினைத்திருந்தேன். அதற்கு டிராப் என்று பெயராம். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமாம், குறைந்தது இரண்டு அங்குலம். சாக்கடையின் கெட்ட காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தானாம். படித்ததும் எனக்குப் புல்லரித்தது. யாரோ ஒருவன் தண்ணீரையே மூடியாகப் போட்டிருக்கிறான். போகிறதைப் போகவிடும், வருகிறதை வரவிடாது. மூடியே வாழ்க்கை என்று இருந்த எனக்கு முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள் தோன்றியதா அப்படி ஒரு மூடி? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும், தூங்குகிற குழந்தைக்கு நாலடி தள்ளி, இரண்டு அங்குலத் தண்ணீர் காவல் நிற்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்புறம் வாட்டம். கழிவுக்குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். குறைந்தால் எல்லாம் நின்றுவிடும், அது எனக்கும் புரிகிறது. ரொம்பக் கூடினாலும் தப்பாம். தண்ணீர் மட்டும் முந்திக்கொண்டு ஓடிவிட, அதோடு போக வேண்டியது நடுவழியில் உட்கார்ந்துவிடுமாம். பதறாத காரியம் சிதறாது என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், அதை ஒரு கழிவுக்குழாய் ராப்பகலாக நிரூபித்துக்கொண்டிருப்பது இப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு வேலை கற்றுத் தரும் பிளம்பரைத் தாங்கள் அறிவீர்கள், சரிவு பார்க்கும் ரசமட்டம் இல்லாமல் வெளியே கிளம்பாத மனிதர், எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் மட்டத்தை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு வந்த மேஜை அது. அன்றிலிருந்து என் மனைவி அதன் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறாள்.

விதிகள் தலைக்கேறிய பிறகு என்னால் ஊரில் நிம்மதியாக நடமாட முடியவில்லை. குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் காற்று இருந்தே ஆக வேண்டும், தொட்டித் தண்ணீரில் குழாயின் வாய் முழுகக் கூடாது, முழுகினால் அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீருக்குள் திரும்பி ஏறிவிடும் என்று ஒரு விதி. பக்கத்து வீட்டு அம்மா துணி ஊறவைத்த வாளிக்குள் ஹோஸை விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் சுவரேறிப் போய் ஹோஸைப் பிடுங்கினேன், அது என் கையில் நிற்காமல் அந்த அம்மாவையும் போனையும் குளிப்பாட்டிவிட்டது. ஊர்த் தண்ணீரைக் காப்பாத்தினேன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவங்க காதுல விழவே இல்ல. அதுக்கப்புறம் என்கூட வேலை பார்த்தவர் இறந்துபோய், துக்கம் விசாரிக்கப் போன இடத்துல கை கழுவப் போனேன், பேசின்ல இருந்து லேசா வாடை, சரி டிராப்பைப் பாத்துருவோம்னு கீழே படுத்தேன், இடுப்பு பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியல. துக்கம் தாங்காம மயங்கிட்டாருன்னு நாலு பேர் தூக்கி விசிறி விட்டாங்க, இறந்தவரோட தம்பி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார், அண்ணன் மேல இவ்வளவு பாசமான்னு. இல்லைன்னு எப்படிச் சொல்றது. நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மத்தியானம், தாங்கள் வருவதற்கு முந்தின நாள், வீட்டைச் சுத்தமாக வைப்போம் என்று மொட்டை மாடியைப் பெருக்கினேன். அங்கிருந்து ஏணி வைத்தால் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேல்தளம். ஏறினேன். இரண்டு குழாய்கள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. மழை விழும், இலை விழும், காக்கை எதையாவது கொண்டுவந்து போடும், மகள் மறந்துவிட்டாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கீழே வந்து என் மனைவியின் எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றை எடுத்துப்போய், ஏணிக்குப் பக்கத்துக் குழாயின் மேல் வைத்து ஓங்கி ஒரு தட்டு. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மற்றக் குழாய் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அதற்கும் ஒரு மூடி வைத்திருந்தேன்.

மறுநாள் தாங்கள் டாய்லெட்டில் தண்ணீர் விட்டதும் பேசின் 'களக் களக்' என்று தொண்டையைக் கனைத்ததும், டிராப்பில் நின்ற தண்ணீர் உறிஞ்சப்பட்டு மேலே வாடை வந்ததும், தாங்கள் மூக்கைச் சுளிக்காமல் பேனாவை எடுத்ததும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ரசமட்டம் ஒரு மூலையில் கைகட்டி நின்றார். தாங்கள் போன பிறகு அவர் மகளிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"காத்து எங்கயோ நிக்குது, எங்கன்னு நீயே தேடு."

காத்தா, என்ன காத்து என்று புதன்கிழமை புத்தகத்தை எடுத்தேன். வென்ட் என்கிற காற்றுக்குழாய் பற்றிய அத்தியாயம் பின்னால் இருக்கிறது, நான் அதுவரை வந்திருக்கவில்லை. குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்போது அதன் பின்னால் காற்றும் இறங்க வேண்டுமாம், அதற்காகவே கூரைக்கு மேலே ஒரு குழாய் திறந்து நிற்க வேண்டுமாம், காற்று கிடைக்காவிட்டால் அது பக்கத்து டிராப்பின் தண்ணீரைப் பிடித்து இழுத்துவிடுமாம். ஒரு வீடே மூச்சு விடுகிறது ஐயா, அந்த மூக்கைப் பொத்தியது நான்.

உடனே மூடியை எடுக்கலாமென்று போனால் ஏணியைக் காணோம். மகள் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோய், மேலே பலகைகளைக் கழற்றி, இடுப்புவரை கூரைக்குள் நுழைந்து கிடக்கிறாள். நேற்று முழுக்க, இன்று காலையும். என்ன தேடுறேம்மான்னு நான் கேக்கல. சாப்பாட்டை ஏணிக்கடியில வெச்சுட்டு வந்தேன், போய்ப் பாத்தா அப்படியே இருக்கு. அவ மூணு வருஷம் முழங்கால் தேய வேலை கத்துக்கிட்டா, நான் ஒரு தட்டுத் தட்டிக் கவுத்துட்டேன். அவ முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதனாலதான் தங்களுக்கு எழுதறேன்.

ஆகவே ஐயா, சிவப்புச் சீட்டை அவள் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அவள் போட்ட குழாயில் ஒரு குறையும் இல்லை. எந்தப் பதிவேட்டில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். இனி இந்த வீட்டில் எந்தக் குழாயின் பக்கமும் கையில் மூடியோடு போகமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

தாங்கள் வயதில் இளையவர் என்பதால் ஆசிகளும், பதவியில் பெரியவர் என்பதால் வணக்கங்களும். எந்த வளைவிலும் தண்ணீர் வற்றாமல் தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
கேன் மூடும் பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"அப்பா, நீங்க மூடின பைப் எதுக்கும் போகல. அது இடிச்ச பழைய பாத்ரூமோடது. உபயோகம் இல்லாத பைப்ப அடைச்சு வைக்கணும்னு விதியே இருக்கு, நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னோடது. வென்ட் பைப் கூரைக்குள்ள படுத்துப் போற இடத்துல நாலடிக்கு ஒரு கிளாம்ப் வெச்சுத் தாங்கியிருக்கணும். நடுவுல விட்டம் வந்துச்சு, சோம்பல்பட்டு ஆறடி விட்டுட்டேன். பைப் தொய்ஞ்சு, கசிவு பாக்க நிரப்பின தண்ணி அதுலயே தங்கிடுச்சு. காத்து அங்கதான் நின்னுச்சு."

நேற்றே கண்டுபிடித்து, இன்று காலையில் சரிசெய்து முடித்தாளாம். முடித்த கையோடு தங்கள் அலுவலகத்துக்கு வந்து, இன்ன இடத்தில் இன்ன தவறு, செய்தது நான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நான் தட்டில் வைத்து நீட்டிய சாக்கை அவள் தொடக்கூட இல்லை. விதிப் புத்தகத்தைப் படித்து வியந்ததெல்லாம் எனக்கு இப்போது சின்னதாகத் தெரிகிறது. ஆகவே மேலே ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். சிவப்புச் சீட்டு சரியான இடத்தில்தான் ஒட்டப்பட்டது. கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றாள் மனைவி, கொண்டுபோய்க் கொடுங்கப்பா, ரெண்டும் ஃபைல்ல இருக்கட்டும் என்றாள் மகள்.

மூடியோடு குழாய்ப் பக்கம் போகமாட்டேன் என்ற உறுதிமொழியும் ரத்து. டப்பா மூடி விதிப்படி செல்லாதாம், என் மனைவிக்கும் அது திரும்ப வேண்டுமாம். பசை தடவி ஒட்டுகிற சரியான மூடி ஒன்றை மகள் என் கையில் கொடுத்து, நீங்களே போடுங்கப்பா என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். போட்டுவிட்டேன். நாளை அவள் மாட்டிய வாஷ்பேசின் சத்தம் போடாது, அது எனக்குத் தெரியும். தாங்கள் கொஞ்சம் சிரமம் பார்க்காமல் மேலே ஏறி, என் மூடியை ஒரு தடவை தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தள்ளியே நிற்கிறேன்.