அரசாங்கம் எண்ணிப் பார்த்த பயத்தம் பணியாரம்

வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போக எனக்குத் தெரியாது. பிறந்தநாளோ, பல் வைத்தியரோ, எங்கே போனாலும் கையில் ஒரு பை தொங்கவேண்டும். இதை நல்ல குணம் என்று நாற்பத்தேழு வயதுவரை நம்பியிருந்தேன். அது ஒரு குற்றமாகவும் இருக்கலாம் என்பதைச் சிட்னியின் பரமட்டாவில், பதினோராம் மாடியில், ஓர் அரசாங்க அலுவலர் வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினார்.

அப்போது நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. அயர்லாந்தில் ஓயாமல் மழை பெய்யும் சிறு நகரங்களில் ஆறு பேர், எட்டுப் பேர் கூடியிருந்து நல்ல மென்பொருள் எழுதுகிறார்கள். அதை ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எப்படி விற்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வழி காட்டுவது சிட்னியில் எங்கள் சின்ன நிறுவனம். டெண்டர் வாசிப்பது, படிவம் நிரப்புவது, விதிகளைச் சொல்லிக் கொடுப்பது. (வங்கி, காப்புறுதி, கார் ஓட்டப் பழக்குவது என்று ஒன்றிலும் கால் தரிக்காமல் வந்து சேர்ந்த ஏழாவது வேலை. இதிலாவது இருப்பேனா என்று வீட்டில் வாய்விட்டே கேட்டார்கள்.)

என் முதல் வாடிக்கையாளர் அயர்லாந்தின் கோல்வே நகரத்துப் பெண், நீவ். முன்பு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதியாக இருந்தவர். காலையிலிருந்து யன்னலோரம் காத்திருந்த ஒரு கிழவர், மாலை நான்கு மணிக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது, “இன்றைக்கு வரமாட்டாய் என்று நினைத்துவிட்டேன்” என்றாராம். அந்த ஒரு வசனம் பொறுக்காமல் நீவ் வேலையை விட்டார். தாதி எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று வழியைத் திட்டமிட்டு, காத்திருப்பவருக்குச் சொல்லும் மென்பொருளைத் தம்பியோடு சேர்ந்து எழுதினார். இப்போது மாநிலச் சுகாதாரத் துறைப் பிரிவு ஒன்று அப்படியொன்றைத் தேடியது. மூன்று நிறுவனங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. நேரில் விளக்குவதற்கு நீவ் விமானம் ஏறி வந்தார். மறுநாள் மாலை திரும்பும் விமானம்.

“இது கிடைக்காவிட்டால், என்னோடு இருக்கும் ஆறு பேருக்கும் இனி வேலை இல்லையென்று வெள்ளிக்கிழமை நானே சொல்லவேண்டும்” என்றார்.

அரசாங்கத்துக்கு விற்பதில் ஒரு கடும் விதி உண்டு. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. என் மேலாளர் பிரெண்டன் முதல் நாளே சொல்லியிருந்தார்: “கோப்பி வாங்கிக் கொடுக்காதே. பேனா கொடுக்காதே. கதவைத் திறந்து பிடிப்பதென்றால்கூட யோசித்துப் பிடி.” இந்த விதியை நீவுக்கு ஒரு மணிநேரம் காணொளியில் பாடம் நடத்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். படங்கள் போட்டு, அம்புக்குறி இட்டு.

கூட்டத்தன்று காலை குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வதனி ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாள்.

“என்னப்பா, பெரிய கந்தோருக்குப் போறியள், வெறுங்கையை வீசிக்கொண்டே போகப்போறியள்?”

“அது கந்தோரப்பா, கலியாணவீடில்லை.”

“கந்தோரில இருக்கிறவைக்கு வாய் இல்லையே? பயத்தம் பணியாரம். நாற்பது இருக்கு. நேற்றுப் பின்னேரம் முழுக்க அடுப்படியில நிண்டனான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பெட்டி ராஜி அன்ரியின்ர. நீல மூடி. பணியாரம் போனாலும் பரவாயில்லை, பெட்டி திரும்பி வரவேணும். இல்லையெண்டா நான் அவவின்ர முகத்தில முழிக்கேலாது.”

பிளாக்டவுன் ராஜி அன்ரியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோயில் விசேஷங்களுக்குப் பெட்டி இரவல் கொடுப்பவர். எந்தப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்பதைத் தாள் இல்லாமல் மனதிலேயே வைத்திருப்பவர்.

மறுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் என் மூளை ஓர் அழகான வாதத்தைக் கட்டிவிட்டது. விதிப் புத்தகத்தில் பரிசு என்று இருக்கிறது, விருந்து என்று இருக்கிறது, சலுகை என்று இருக்கிறது. பணியாரம் இவற்றில் எது? பணியாரம் பரிசில்லை. பணியாரம் ஒரு வணக்கம். உருண்டையாகச் செய்து எண்ணெயில் பொரித்த வணக்கம். ரயில் பிளாக்டவுனைத் தாண்டும்போது இந்த வசனத்தின் அழகில் நானே சொக்கிப்போயிருந்தேன். (கவிதை எழுதுகிறவனுக்கு அரசாங்கத்தோடு பழகும் வேலை கொடுக்கக்கூடாது என்பது இதனால்தான்.)

பதினோராம் மாடி அறையில் நீளமான மேசை. யன்னலுக்கு வெளியே ஆறு வெயிலில் பித்தளைத் தகடாக மின்னிக்கொண்டிருந்தது. குழுவில் நான்கு பேர். ஐந்தாவதாக ஒருவர் வரவேண்டும், அவர் வந்தபிறகே தொடங்கலாம் என்றார்கள். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மௌனம் நீண்டது. மௌனம் நீண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைத் திறப்பார்கள்.

திறந்தேன். வறுத்த பயறும் ஏலக்காயும் அந்தக் குளிரூட்டிய அறையில் எழுந்து நின்றன. “என் மனைவி செய்தது” என்று மேசையைச் சுற்றி வந்தேன். மூவர் புன்னகைத்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நீவ் என்னைப் பார்த்த பார்வையை நாணம் என்று எடுத்துக்கொண்டேன். நான்காமவர் பீட்டர், தாடிவைத்த பெரிய மனிதர், காலையில் சாப்பிட்டிருக்கவில்லை போலும். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்கள் விரிந்தன. இரண்டாவதையும் போட்டார்.

கதவு திறந்தது. சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையும் மெல்லிய கோப்புமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பெயர் ஹெலன். நேர்மை அலுவலர். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரோடொருவர் அதிகம் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதே அவருடைய உத்தியோகம். அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பீட்டரைப் பார்த்தார்.

“பீட்டர், இதில் எதையாவது சாப்பிட்டீர்களா?”

பயத்தம் பணியாரம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது வறுத்த பயற்றின் உலர்ந்த மா. கடித்த பிறகு கொஞ்ச நேரம் வாயைத் திறக்கக்கூடாது. பீட்டர் திறந்தார். பச்சையும் மஞ்சளுமான ஒரு சிறு புகை மேசைமேல் எழுந்து மெதுவாகப் படிந்தது. வாக்குமூலம் அதுதான்.

“நீங்கள் இருவரும் வெளியே இருங்கள்” என்றார் ஹெலன். குரலில் கோபம் இல்லை.

நடைபாதையில் இரண்டு கதிரைகள். அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. பீட்டர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். அவரைக் குழுவிலிருந்து விலக்கினால் குழு குறையும். குழு குறைந்தால் கூட்டம் இல்லை. இன்னொரு நாள் வைப்பதென்றால் நீவ் இங்கே இல்லை. கோல்வேயில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை. எல்லாம் இரண்டு பணியாரத்தால்.

“நீவ், மன்னித்துக்கொள்” என்றேன்.

நீவ் தன் பையைத் திறந்து காட்டினார். ஈரம் புகாத தாளில் சுற்றி, நூலால் கட்டிய பெரிய பழக் கேக் ஒன்று.

“அம்மா தந்துவிட்டார். வெறுங்கையோடு போகாதே என்றார். பதினேழாயிரம் கிலோமீட்டர் தூக்கி வந்தேன். ஆனால் வெளியே எடுக்கவில்லை.”

“ஏன்?”

“நீ பாடம் நடத்தினாய், குமரன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

வாழ்க்கையில் பலர் என்னை ஏசியிருக்கிறார்கள். இவ்வளவு அமைதியாக யாரும் ஏசியதில்லை.

பதினொரு நிமிடம் கழித்து ஹெலன் என்னை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் பணியாரங்களை ஐந்தைந்தாக அடுக்கியிருந்தார்.

“சேர்ந்து எண்ணுவோம்” என்றார்.

எண்ணினோம். முப்பத்தெட்டு.

“பீட்டர் இரண்டு என்று எழுதித் தந்திருக்கிறார். சரியாக இருக்கிறது. இது என்ன?”

“பயத்தம் பணியாரம்.”

ஓர் எழுத்து விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். என்னென்ன சேர்ந்தது என்று கேட்டார், வறுத்த பயறு, தேங்காய், சர்க்கரை, ஏலக்காய் என்றேன், எழுதினார். பெறுமதி என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“விலை என்ன?”

நான் யோசித்தேன். வதனி அடுப்படியில் நின்ற பின்னேரத்தை எந்த இலக்கத்தில் எழுதுவது? ஹெலன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எழுதினார்: ‘வீட்டில் செய்தது. சிறு பெறுமதி.’

நான் பிறந்த ஊரில், அலுவலகம் என்றால் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவார். பழம் உள்ளே போனதும் கோப்பு வெளியே வரும். பழத்தை யாரும் எண்ணியதில்லை, எழுதியதில்லை. இங்கே ஓர் அரசாங்கம் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை போட்டு வந்து, என் மனைவியின் பணியாரத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அதன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. பயம் போய் ஒரு மலைப்பு வந்தது. பெரிய மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல அந்தத் தாளைப் பார்த்தேன்.

“எல்லோர் முன்னாலும் திறந்து, எல்லோருக்கும் நீட்டியிருக்கிறீர்கள். பீட்டரும் எழுதித் தந்துவிட்டார். அவர் குழுவில் இருக்கலாம். பெட்டி என்னிடம் இருக்கும்” என்றார். “இதனால் உங்களுக்கு நன்மை வரக்கூடாது. கேடும் வரக்கூடாது. இரண்டையும் பார்ப்பதுதான் என் வேலை. வாருங்கள், உங்கள் நேரம் இப்போதிலிருந்து தொடங்குகிறது.”

நீவ் பேசினார். யன்னலோரக் கிழவரிலிருந்து தொடங்கினார். நான் ஒரு மூலையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி இருந்தேன். முடிந்ததும் ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்து அம்மாவின் கேக்கில் பாதியை இருவருமாகத் தின்றோம். விதி மீறாத ஒரே கேக்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் வதனி கேட்டாள்: “பெட்டி எங்கயப்பா?”

“அரசாங்கத்திட்ட.”

“எப்ப தருவினமாம்?”

“கேக்கேல்ல.”

“ராஜி அன்ரி ரெண்டு தரம் போன் எடுத்திட்டா. வாற கிழமை கோயிலில பூசையாம். நாளைக்குத் தாறன் எண்டு நானும் எத்தினை பொய் சொல்லுறது?”

தேர்வு நடக்கும் காலத்தில் அலுவலர்களைத் தனியாகத் தொடர்புகொள்ளக்கூடாது. இதுவும் நான் பாடத்தில் சொன்ன விதிதான், ஒன்பதாவது படம். ஆனால் பெட்டி கேட்பது தொடர்புகொள்வதா? (என் மூளை திரும்பவும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.) ஹெலனுக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டேன்.

பதில் எனக்கு வரவில்லை. ஒருவர் கேட்ட கேள்வியும் பதிலும் எல்லோருக்கும் சமமாகத் தெரியவேண்டும் என்பது டெண்டரின் தர்மம். ஆகவே அது டெண்டர் இணையத்தளத்தில், மூன்று நிறுவனங்களும் பார்க்க வெளியானது:

‘கேள்வி 1: நீல மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி எப்போது திருப்பித் தரப்படும்? பதில்: தேர்வு முடிந்த பின்னர்.’

மறுநாள் அதன் கீழே இன்னொன்று:

‘கேள்வி 2: மேற்படி பெட்டி, நிறுவனங்கள் கட்டாயம் சமர்ப்பிக்க வேண்டியவற்றுள் ஒன்றா? பதில்: இல்லை.’

எங்கேயோ போட்டி நிறுவனமொன்றின் நாகரிகமான அலுவலகத்தில், கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்கள் நீல மூடியைப் பற்றி அவசரக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். பிரெண்டன் தொலைபேசியில் அழைத்தார். “குமரன்” என்றார். பிறகு தொலைபேசியை மேசைமேல் வைக்கும் சத்தமும், தூரத்தில் ஒருவர் மூச்சு முட்டச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. வேலை போகவில்லை என்று அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. சிட்னியின் மேற்குப் பகுதிக்கு மட்டும், முதலில் ஓராண்டுக்கு, நீவின் மென்பொருள். அடுத்த நாள் கூரியரில் ஒரு பொதி வந்தது. கழுவித் துடைத்த பெட்டி. நீல மூடியில் இலக்கமிட்ட ஓர் அரசாங்க ஒட்டுத்தாள்.

வதனி முகத்தைச் சுளித்தாள். “வெறும் பெட்டியையே திருப்பித் தந்து விட்டவை? ஒரு பிடி சீனியாவது போட்டிருக்கலாம்.”

திறந்தாள். உள்ளே மடித்த ஒரு தாள். பதிவேட்டின் பிரதி. நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: வந்தது நாற்பது. உண்டது இரண்டு, எழுத்தில் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய முப்பத்தெட்டும் பூட்டிய அலுமாரியில் வைக்கப்பட்டு, பழுதடைந்தபின் இருவர் முன்னிலையில் அகற்றப்பட்டன. கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்று பீட்டருடையது.

“ரெண்டு பேர் நிண்டு பாக்கத்தான் எறிஞ்சவையே?”

“ஓம்.”

வதனி தாளை வாங்கி, தனக்கு முழுதாக விளங்காத அந்த ஆங்கிலத்தைக் கண்ணால் தடவினாள்.

“அப்ப, ஒருத்தரும் களவா ஒண்டுகூட எடுக்கேல்ல” என்றாள். கோயிலில் பேசும் குரலில்.

ராஜி அன்ரி அந்த ஒட்டுத்தாளைக் கிழிக்கவிடவில்லை. “இது கவுண்மேந்திட்ட போட்டு வந்த பெட்டி” என்று கோயிலில் எல்லோருக்கும் காட்டுகிறார். இப்போது அதை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் வேறுவிதமான தொல்லை. யாராவது பலகாரத்தோடு வாசலில் நின்றால் மகள் ஆரணி கதவை அரைவாசி திறந்து, “டிக்ளேர் பண்ணிட்டீங்களா அன்ரி?” என்று கேட்கிறாள். நான் கடைக்குப் போய் வந்தால் பையை எண்ணுகிறாள்.

இந்த வருடம் நீவ் வேலையாக வந்தபோது சாப்பிட அழைத்தோம். ஒப்பந்தம் இப்போது இரண்டாம் ஆண்டில். ஒரு வட்டத் தகரப்பெட்டியில் அம்மாவின் பழக் கேக்கோடு வந்தார். ஆரணி கொப்பியும் பேனாவுமாக வாசலில் நின்றாள். நீவ் கொஞ்சமும் சிரிக்காமல், ‘கேக், ஒன்று, வீட்டில் செய்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

போகும்போது வதனி அந்தத் தகரப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். கனமாக இருந்தது. நீவ் அதை வாங்கி, காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கிப் பார்த்தார்.

“முப்பத்தெட்டு” என்றேன் நான். “எண்ணித்தான் போட்டது.”