லேப்டாப்புக்கு சோல் ஒட்டிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், நல்ல வேலை நேரத்தில், மொத்தப் பேரும் கையில் இருந்த ஷூவை அப்படியே போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடி வந்தார்களே, அதற்குக் காரணம் நான்தான். நான் என்றால் நான்கூட இல்லை, என் லேப்டாப். லேப்டாப்கூட இல்லை, அதன் பேட்டரி. (மூன்று வருஷமாக இப்படித்தான் பழியைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.)

அப்போது நான் பி.சி.ஏ. முடித்த புதுசு. மாதனூரில் எங்கள் தெருவில் யார் போன் மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வரும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணித் தருவேன். சரியானால் என் திறமை, ஆகாவிட்டால் "போர்டு போச்சு". இந்த ரெண்டே வித்தையில் தெருவின் ஐ.டி. துறையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் சொந்த லேப்டாப் காலேஜ் படித்த மூன்று வருஷமும் சார்ஜர் ஒயரிலேயே கிடந்தது. படுக்கை என் மெத்தையில், குளிருமே என்று மேலே போர்வை வேறு. என் கூடப் படித்த மேல்விஷாரத்து நஸ்ரின் ஆன மட்டும் சொன்னாள்.

"அடியே, தோசைக்கல்லு மாதிரி சுடுதுடி. எண்பது வந்தா ஒயர கழட்டு. மொதல்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாரு."

"லேப்டாப்புக்கு இன்னாடி, ஷுகரா பிபியா? ரிப்போர்ட் எடுக்கச் சொல்ற?"

"ஜாஸ்தி பேசாத. புதுசுல எவ்ளோ புடிச்சிது, இப்போ எவ்ளோ புடிக்குதுன்னு ரெண்டு நம்பர் வரும். ரெண்டு நிமிஷ வேலை."

பார்க்கவில்லை. மூலையில்தான் நூறு சதவீதம் காட்டுகிறதே! (பேட்டரியில் மிச்சமிருக்கிற கொஞ்சூண்டு உயிரில்தான் அந்த நூறு என்பது, மேற்படி ஐ.டி. துறைக்குத் தெரியவில்லை.)

இந்த நேரத்தில்தான் அம்மா அந்தச் சேதியைக் கொண்டுவந்தது. அம்மாவுக்கு அதே ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைனில் வேலை. பதினாலு வருஷமாக நின்றுகொண்டே ஷூவுக்கு சோல் ஒட்டுகிறது. கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு ஆள் எடுக்கிறார்களாம், காலேஜில் செய்த ப்ராஜெக்டை அவரவர் லேப்டாப்பிலேயே காட்டணுமாம்.

"நிக்கிறது என்னோட போவட்டும் பவி. நீ உக்காந்து வேலை பாக்கணும்" என்றது அம்மா. அவ்வளவுதான் சொன்னது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் லேப்டாப் மேஜையில் சமமாக உட்காரவில்லை, ஆடுகிறது. அடி மூடி ஓரமாகப் பிரிந்து விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

"ஸ்க்ரூ லூசும்மா" என்றேன், டாக்டர் மாதிரி.

அம்மா அதை வாங்கித் திருப்பி, ஷூவைப் பார்க்கிற மாதிரியே ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டியது. "ஸ்க்ரூ இல்லடி. வாய் பொளந்துகினு கீது பாரு. பேஸ்டிங் உட்டுப்போச்சி."

செருப்பு ஒட்ட வைத்திருந்த சொல்யூஷன் டப்பா வந்தது. ரெண்டு பக்கமும் பிரஷ்ஷால் தடவி, "காயாம ஒட்டனா புடிக்காது" என்று பத்து நிமிஷம் காத்திருந்து, அழுத்தி மூடி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தது. உள்ளே பேட்டரி ஊதிப்போய் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதன் நெஞ்சில் கல்லை வைக்கிறோம். தடுக்க வேண்டிய பி.சி.ஏ. பட்டதாரி குழவி உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். (வீடு எரியாமல் தப்பித்தது என் படிப்பால் அல்ல.) போதாததற்கு, நூறு வரட்டும் என்று விடிய விடிய சார்ஜ் வேறு.

காலையில் இடைவெளி மாயம். அம்மா கை அப்படி.

ஏசி ரூமில் மேனேஜரும் ஒரு மேடமும் இருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் மேனேஜர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாமா, பேஸ்டிங் லைன் வாசனை ரூமுக்குள்ள வருது?"

"ஜன்னல் தொறந்திருக்கு போல சார்." (அந்த ரூமில் ஜன்னலே இல்லை.)

என் ப்ராஜெக்ட், ஒவ்வொரு ஜோடி ஷூவும் இப்போது எந்த லைனில் இருக்கிறது என்று காட்டுவது. வணக்கம் சொல்லி வாயைத் திறப்பதற்குள், கீழே இருந்து பேட்டரி முட்டி முட்டி, டச்பேட் தானாகவே கிளிக் ஆக ஆரம்பித்தது. முதல் பக்கம், நாலாம் பக்கம், கடைசியில் 'நன்றி'.

"அவ்ளோதானா?" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம் கிட்ட கொண்டாமா" என்றார் மேடம். ஒயர் எட்டவில்லை. "பேட்டரி நூறு இருக்கு மேடம்!" என்று பெருமையாகச் சார்ஜரைப் பிடுங்கினேன். ஸ்க்ரீன் செத்தது. கூடவே 'டப்' என்று ஒரு சத்தம். அம்மா ஒட்டின ஓரம் அசையவில்லை. அதனால் கீபோர்டு மேலே புடைத்துக்கொண்டு வெடித்தது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து அலறினார். "பேட்டரி ஊதிக்கீது! யாரும் தொடாதீங்க, நெருப்பு புடிச்சிக்கும்!"

டப்பா டப்பாவாக சொல்யூஷன் இருக்கிற இடத்தில் 'நெருப்பு' என்ற ஒரு வார்த்தை போதும். வாசலில் நின்ற செக்யூரிட்டி மணியை அழுத்திவிட்டார்.

லைன் லைனாக ஜனம் மைதானத்துக்கு வந்தது. நடுவில் மணல் பக்கெட், அதற்குள் என் லேப்டாப், தள்ளி நான். நீல ஏப்ரன் கூட்டத்தில் அம்மா. பூமி பிளந்தால் உள்ளே குதிக்கத் தயாராக இருந்தேன். என் அலட்சியத்தில் அம்மாவின் நாற்காலிக் கனவும் அந்த மணலுக்குள் போய்விட்டதே என்று கண்ணீர் முட்டியது.

அம்மா நேராக வந்தது. என்னைப் பார்க்கவில்லை. பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது:

"ஒட்டனது உடல பாத்தியா?"

மேனேஜர் திரும்பினார். "நீங்களா ஒட்டனது?"

"ஆமா சார். இது எம்பொண்ணுதான். லேப்டாப்ப பத்தி அதுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு ஒரு ஷூ பெட்டி மூடியையும் பேனாவையும் நீட்டினார். "உள்ள போவ இன்னும் நேரம் ஆவும். உன் ப்ராஜெக்ட்ட இதுல வரைஞ்சி சொல்லு."

வரைந்தேன். மின்சாரமே இல்லாமல் என் மூளை நன்றாக ஓடியது எனக்கே ஆச்சரியம். நடுவில் அம்மா விரலை வைத்தது. "இங்க தப்பு. ஒட்டனதும் நேரா பேக்கிங் போவாது, செக்கிங் போவும்." திருத்திக்கொண்டேன். மேனேஜர் அந்த மூடியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வேலை கிடைத்தது. முதல் நாள் கொடுத்த வேலை, ஆபீஸ் லேப்டாப் அத்தனைக்கும் பேட்டரி ரிப்போர்ட் எடுப்பது! ரெண்டாவது நம்பர் முதல் நம்பரில் பாதிக்கு இறங்கியிருந்தால் மாற்றச் சொல்லி எழுதுவேன். மேஜையில் ஆடினால் ரிப்போர்ட்டே வேண்டாம், அப்படியே ஓரங்கட்டுவேன். நஸ்ரினிடம் சொன்னதற்கு, "ஷுகர் எவ்ளோ, பிபி எவ்ளோ?" என்றாள்.

பேட்டரியைக் கழற்றி ரிப்பேர் அண்ணனிடம் கொடுத்தாயிற்று. மிச்ச லேப்டாப் எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. போன வாரம் மாமா வீட்டிலிருந்து வந்தவர்கள், "பவி ஆபீஸ்ல எப்படி?" என்று கேட்டார்கள். அம்மா அலமாரியைத் திறந்து, அந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிக் காட்டியது.

"எல்லாம் வெடிச்சிப்போச்சி. நான் ஒட்டனது மட்டும் உடல."